ஜமுனாமரத்தூரில் ஒரு சானெட்

எலிஜி என்ற சொல்லை நான் எலியை வைத்துத்தான் மனப்பாடம் செய்தேன். ஒருவன் ஆசையாக வளர்த்த எலி செத்துப்போகிறது. அவன் அழுது பாட்டுக் கட்டுகிறான். ஆகவே எலிஜி என்றால் இரங்கற்பா. ஓட் என்பதற்கு வீட்டு ஓடு. ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் குருவியைப் பார்த்து "ஏ குருவியே" என்று விளித்துப் பாடினால் அது ஓட். பாலட்டுக்குப் பால்காரர் இருந்தார். வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டே கதை சொல்லிப் போவார், அதனால் பாலட் என்றால் கதைப்பாட்டு. சானெட்டுக்கு மட்டும் எதுவும் அமையவில்லை. சாணியை வைத்துப் பார்த்தேன். அது பதினான்கு வரிக்குப் போய்ச் சேரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு நான் ஆசிரியை. மலையில் பிறந்தவள். சாமையும் புளியும் விளைகிற வீடு. கீழே இறங்கி ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு மறுபடி மேலேயே வந்து வேலையில் சேர்ந்தேன். இங்கேயே கல்யாணமும் ஆனது. என் வீட்டுக்காரர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், நிலத்தைப் பார்த்துக்கொண்டார்.

பெரிய வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்த எங்கள் பள்ளியில் ஆள் நிற்பதில்லை. கீழே இருந்து ஒருவர் வருவார், பெட்டியை இறக்குவார், முதல் மழையில் அட்டை கடித்து முதல் குளிரில் காய்ச்சல் வந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் தவறி, சாமைக் காட்டுக்குத் திரும்பிப் போவார்கள். ஒரு நாள் தலைமையாசிரியரின் அறையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"இந்த மலைல பொறந்த ஒருத்தர் இங்கிலீஷ் படிச்சா தவிர இது தீராதும்மா. ஆனா யாரு படிக்கிறது?" என்றார்.

அவர் யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி என்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன்.

கூடவே இன்னொருத்தியும் விண்ணப்பித்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்ஸ். கலசப்பாக்கத்துப் பக்கம் சொந்த ஊர். என்னைவிட இரண்டு வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. அவள் என்னை "டீச்சர்" என்பாள், நான் அவளை "சிஸ்டர்" என்பேன். கடைசிவரை அந்த மரியாதையை இரண்டு பேரும் விடவில்லை, சண்டை போடும்போதுகூட.

"ஊசி போட்டுப் போட்டு கை மரத்துப்போச்சு டீச்சர். மூளையும் மரத்துப் போறதுக்குள்ள ஒரு டிகிரி வாங்கிடணும்" என்றாள்.

பாடங்கள் தபாலில் வந்தன. முதல் கட்டிலேயே இலக்கிய வடிவங்களும் அணிகளும் யாப்பும். அணிகள் எனக்குப் பயமாக இல்லை. பள்ளியில் தமிழ் நன்றாகப் படித்தவள் நான். சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம், ஹைபர்பலி என்றால் உயர்வு நவிற்சி. வேற்றூர் உடை போட்டுக்கொண்டு வந்த சொந்தக்காரர்களைப் போல ஒவ்வொன்றும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மெட்டானிமியில் சிஸ்டர்தான் தடுக்கி விழுந்தாள்.

"இது இன்னா டீச்சர், வாய்லயே நுழைய மாட்டேங்குது."

"ஜமுனாமரத்தூரே சிரிச்சிதுன்னு சொல்றோம் இல்ல? ஊரா சிரிக்கும்? ஊர்ல கீறவங்க சிரிச்சாங்க. ஊர் பேரு ஆளுங்களுக்கு ஆயி வந்திருக்குது. ஆகுபெயர். அதான் மெட்டானிமி."

"அட, இவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ பெரிய பேரு வெச்சான்?"

இப்படி நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. யாப்புப் பகுதிக்கு வந்தபோதும் அதே தைரியத்தோடுதான் இறங்கினேன். அடியைச் சீராகப் பிரிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நமக்குத் தெரியாத சீரா? குறில், நெடில், ஒற்று பார்த்து நேர், நிரை என்று அலகிட்டால் முடிந்தது. பாடத்தில் அழுத்தம், அழுத்தமின்மை என்று ஏதோ எழுதியிருந்தது. நெடிலைத்தான் ஆங்கிலத்தில் அழுத்தம் என்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மே மாதம் வேலூரில் ஒரு கல்லூரியில் அஞ்சல் வழி மாணவர்களுக்குத் தொடர்பு வகுப்பு நடந்தது. வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் என்று கூடம் நிறைய ஆள். கவிதை நடத்திய விரிவுரையாளர் நடுத்தர வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். கரும்பலகையில் ஒரு வரியை எழுதினார். எ லிட்டில் போட் அப்பான் எ சைலன்ட் லேக். அமைதியான ஏரியில் ஒரு சின்னப் படகு.

"யாராவது இதை ஸ்கேன் பண்ணுங்க, சீர் பிரிச்சுக் காட்டுங்க பார்க்கலாம்."

யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். பலகைக்குப் போய் சாக்பீஸை வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் வெட்டி, கீழே தமிழில் எழுதி, சத்தமாகவும் சொன்னேன்.

"லிட்டில், நேர் நேர், தேமா. அப்பான், நேர் நேர், தேமா. சைலன்ட், நேர் நேர், தேமா."

முதல் தேமாவுக்கு ஒருவர் சிரித்தார். மூன்றாவது தேமாவுக்குக் கூடமே சிரித்தது. பின் பெஞ்சில் யாரோ "கருவிளம் எங்கம்மா?" என்று கேட்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள் என்பதால் சிரிப்பு இன்னும் கெட்டியாக இருந்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"ஜவ்வாது மலை சார்."

"தமிழ் நல்லா படிச்சிருக்கீங்க. ஆனா இது வேற கணக்கு. இங்கிலீஷ் காதுல கேட்டுப் பழகாம இது வராது. நீங்க பேசாம இந்தக் கேள்விய சாய்ஸ்ல விட்டுடுங்க. மத்ததுல பாஸ் மார்க் எடுத்துடலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல யோசனைதான் அது. சிஸ்டர் அதைக் கேட்டு அப்படியே விட்டுவிட்டாள். நான் விடவில்லை. அடுத்த வாரம் நடந்த தேர்வில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுதினேன், நேர் நிரை இல்லாமல், ஆனால் குத்துமதிப்பாக. மழைக்காலத்தில் முடிவு வந்தது. சிஸ்டர் தேறியிருந்தாள். நான் அந்தத் தாளில் மட்டும் தவறியிருந்தேன்.

"சொன்னாரே கேட்டீங்களா டீச்சர்? சாய்ஸ்ல வுட்டிருந்தா இன்னேரம் ரெண்டு பேரும் கேசரி கிண்டியிருக்கலாம்."

"கேசரி அடுத்த வருஷம் கிண்டலாம். ஆனா நான் அதத்தான் எழுதுவேன்."

"இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

எனக்கும் அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகளும் ஆங்கிலத்தைச் சாய்ஸில் விட்டு விட்டுத்தான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடத்தப் போகிறவள் நான். மொழியின் ஒரு பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டு எந்த முகத்தோடு வகுப்புக்குள் போவது? அதைத்தான் வேறு ஏதோ வார்த்தைகளில் அவளிடம் சொன்னேன்.

"சரி வாங்க. எனக்கு மட்டும் இன்னா புரிஞ்சிது? பாஸ் ஆயிட்டேன், அவ்ளோதான். சேர்ந்தே பாப்போம்" என்றாள்.

விரிவுரையாளர் சொன்னதில் ஒன்று சரி. காதில் கேட்க வேண்டும். மலையில் ஆங்கிலம் பேசுகிற ஆளுக்கு எங்கே போவது? சிஸ்டரிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அவளுடைய குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் வைத்தால் கரகரவென்றது. வீட்டுக்குப் பின்னால் நின்ற பலாமரத்தில் கம்பியைக் கட்டி இழுத்தபின் காலைச் செய்தி தெளிவாக வந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் அங்கே நிற்பேன். இரண்டு பேரும் டீ டம்ளரோடு ஆங்கிலச் செய்தி கேட்போம். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, எப்படிச் சொல்கிறார் என்றுதான் கேட்டோம்.

முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. செய்தி வாசிப்பவர் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவதாகத் தோன்றியது. நாங்கள் 'கவர்ன்மென்ட்' என்று எல்லா எழுத்தையும் சமமாக நிறுத்திச் சொல்வோம். அவர் முதல் எழுத்தை மட்டும் குத்திவிட்டு மீதியை வாரிக்கொண்டு போனார். எங்கோ வெள்ளம் வந்த ஒரு நாள். சிஸ்டர் சட்டென்று டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், கவனிச்சீங்களா? ஒரே வார்த்தைய ரெண்டு மாதிரி சொல்றாரு."

"எந்த வார்த்தை?"

"ரெக்கார்டு. மொத சொன்னப்ப ரெக்கர்டுன்னு முன்னால குத்தினாரு. ரெக்கர்ட் மழை. அப்புறம் அதே வாக்கியத்துல ரிக்கார்டட்ன்னு பின்னால குத்துறாரு."

நான் கேட்டிருக்கவில்லை. அவளுக்கு அப்படிப்பட்ட காது. அன்று பள்ளிக்குப் போனதும் அலமாரியிலிருந்த, அட்டை கிழிந்த அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். இரண்டு தடவை போட்டிருந்தது, பெயர்ச்சொல்லாக ஒன்று, வினைச்சொல்லாக ஒன்று. இரண்டிலும் உச்சரிப்புக்குள் மேலே ஒரு சின்னக் கோடு. ஒன்றில் அது முன்பாதிக்கு முன்னால் நின்றது. மற்றதில் பின்பாதிக்கு முன்னால் நகர்ந்திருந்தது.

அந்தக் கோட்டைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். அச்சு அழுக்கு என்று நினைத்திருந்தேன். பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு சொல்லிலும் இருந்தது. ஒரு சொல்லில் எங்கே குத்த வேண்டும் என்று அந்த அகராதி எங்கள் பள்ளி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு இத்தனை காலமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது! மூன்றாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்க வேண்டிய நேரம். நான் அகராதியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்று 'பிரசன்ட்' என்ற சொல்லைத் தேடினேன். அதிலும் கோடு நகர்ந்தது. வந்திருக்கிறேன் என்றால் முன்னால், பரிசளிக்கிறேன் என்றால் பின்னால். வகுப்புக்குள் பிள்ளைகள் எனக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓடிப்போய் அவர்கள் ஒவ்வொருவரையும் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சுகாதார நிலையத்துக்கே போய்விட்டேன். சிஸ்டர் ஒரு குழந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், கெடச்சிடுச்சு! தமிழ்ல எழுத்து நீளமா, குட்டையான்னு பாக்கறோம். அவங்க அதப் பாக்கறதே இல்ல. எங்க குத்தறோம்ன்றதுதான் கணக்கு. லிட்டில்ல 'லி' குத்து, 'டில்' லேசு. அதான் விஷயம்!"

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த குழந்தையின் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு டீச்சர் குத்தணும்?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

அதன்பின் அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் வேலை. பாடத்திலிருந்த கவிதைகள் முழுவதிலும் பென்சிலால் கோடு போட்டோம். ஐயம்ப் என்றால் லேசு, குத்து. ட்ரோக்கி என்றால் குத்து, லேசு. ஐயம்ப் ஐந்து சேர்ந்தால் ஐயம்பிக் பென்டாமீட்டர். பெயர்தான் ரயில் மாதிரி நீளம், ஆள் ரொம்ப எளிமை. சனிக்கிழமைகளில் சிஸ்டர் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிற்றூர்களுக்கு நடந்து போவாள். நானும் கூடப் போவேன். சாமைக் காட்டு வரப்பில் ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். ஓரடி மெதுவாக, அடுத்த அடி அழுத்தி, ததும் ததும் ததும் ததும் ததும் என்று. வரி முடிந்ததும் நின்று மூச்சு வாங்குவோம். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"நர்ஸம்மாவுக்குக் கால்ல இன்னா ஆச்சு?" என்பார்கள்.

"கால்ல இல்ல, தலைல!" என்று சிஸ்டர் பதில் கத்துவாள்.

வீட்டிலும் அதே கதை. சோறு பொங்கும்போது கரண்டி தாளம் போடும். என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"இன்னா, கொஞ்ச நாளா ஒரே தாளமா கீது?"

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப குத்துற எடம் தப்பாச்சுன்னா இன்னா ஆவும்?"

"சொல்லே மாறிப்போவும். இல்லன்னா கேக்கறவனுக்குப் புரியாது."

"அது கஷ்டம்தான்" என்று யோசித்தார். "சரி நீ போயிப் படி, அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்த வருடம் முழுக்க மாலைச் சமையல் அவருடையது. காரம் தூக்கலாக இருக்கும், நான் ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

வடிவங்கள் பிடிபட்டது வேறு விதமாக. எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நிற்கும் என்று தெரிந்துகொண்டேன். எலியும் ஓடும் பால்காரரும் பெயரைத்தான் நினைவில் வைத்தார்கள், வடிவத்தை அல்ல. வில்லனெல் என்று ஒன்று இருந்தது. அதில் சில வரிகள் திரும்பத் திரும்ப வர வேண்டும். சிஸ்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"எழுதின வரியவே மறுபடி மறுபடி எழுதினா போதுமா? இது நமக்கு ஆவும் டீச்சர்."

உட்கார்ந்து பார்த்தபின்தான் தெரிந்தது, திரும்ப வருகிற வரி ஒவ்வொரு தடவையும் புதிதாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது ரேஷன் கடை வரிசையில் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். அவள் நாலு நாள் முட்டிவிட்டு, "இவன் ஏமாத்துக்காரன்" என்று எழுந்துவிட்டாள். நான் சானெட்டைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு வரி, ஒவ்வொன்றும் ஐந்து ததும், கடைசி இரண்டும் ஒன்றோடொன்று இயைபில் முடிய வேண்டும். எதைப் பற்றி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. பாடத்தில் இருந்தவையெல்லாம் காதலும் காலமும் சாவும். எனக்கு அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல எதுவும் வரவில்லை.

பொருள் பஸ் நிலையத்தில் கிடைத்தது. ஒரு நாள் இரண்டு பேரும் கீழே இறங்கக் காத்திருந்தோம். தூறல். பஸ் வந்து நிற்கிறது, ஆனால் கிளம்பவில்லை. மலைப் பாதை வழுக்கும் என்று எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஓட்டலுக்குள் போய் இட்லிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணன் இன்னும் சாப்டலயாம், சாப்ட்டுத்தான் எடுப்பாராம்" என்று வந்து சொன்னார்.

என் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது.

"சிஸ்டர், இதக் கேளுங்க. தி பஸ் இஸ் லேட் அகெய்ன், தி ரோட் இஸ் வெட்."

அவள் விரலை மடக்கினாள். ததும் ததும் ததும் ததும் ததும். கண் விரிந்தது.

"அஞ்சு! சரியா அஞ்சு! அடுத்தது?"

"தி டிரைவர் ஸேஸ் ஹி ஹேஸ் நாட் ஈட்டன் யெட்."

"வெட், யெட்! இயைபும் வந்துடுச்சு!" என்று அவள் கத்திய கத்தலில் டிரைவரே ஓட்டல் வாசலுக்கு வந்து பார்த்தார்.

பஸ் தாமதம், சாலை ஈரம், டிரைவர் இன்னும் சாப்பிடவில்லை என்கிறார். அவ்வளவுதான் அதன் பொருள். ஆனால் அது ஆங்கிலத்தில், ஆங்கிலத்தின் கணக்கில், எங்கள் பஸ்ஸைப் பற்றி எங்கள் வாயிலிருந்து வந்தது. நனைந்துகொண்டே இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த இரண்டு வரியைக் கடைசியாக வைத்துக்கொண்டு, மேலே பன்னிரண்டு வரியைச் சில வாரங்களில் கட்டினேன். கூடைகள், கோழி, புளி மூட்டை, திருப்பத்தில் வாந்தி எடுக்கிற குழந்தை, எல்லாம் ஏறிக்கொண்டன. ஒரு வரிக்கு இயைபு கிடைக்காமல் அகராதியைக் கடைசிப் பக்கம் வரை புரட்டியிருக்கிறேன். சிஸ்டரின் காதில் தேறாத வரி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. "இது இடிக்குது, பள்ளத்துல டயர் வுழுந்த மாதிரி" என்பாள். திருத்துவேன்.

அடுத்த மே மாதத் தொடர்பு வகுப்பு. அதே கல்லூரி, அதே கூடம், அதே விரிவுரையாளர். ஆட்களில் பாதிப் பேர் போன வருடத்தவர்கள். நான் உள்ளே நுழைந்ததும் யாரோ மெதுவாக "தேமா வந்துட்டாங்க" என்றது காதில் விழுந்தது. சிஸ்டர் திரும்பி முறைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

விரிவுரையாளர் இந்த முறை வேறு வரி எழுதினார். சில்ட்ரன் ஆர் காலிங் ஃப்ரம் தி அதர் ஹில். அடுத்த குன்றிலிருந்து பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்.

"யார் வர்றீங்க?"

நான் எழுந்தபோது அங்கங்கே பெஞ்சுகள் கிரீச்சிட்டன, எல்லோரும் வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். சாக்பீஸை வாங்கினேன். வரியை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் சீரில் ஏதோ புரண்டது. எங்கள் மலையில் அடுத்த குன்றிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் குரல்தான் ஓங்கி வரும். அதேபோல இந்த வரியும் ஓங்கித்தான் தொடங்கியது. கோடுகளைப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினேன்.

"ஐயம்பிக் பென்டாமீட்டர் சார். ஆனா முதல் சீர் மட்டும் ட்ரோக்கி. 'சில்' மேல அழுத்தம் விழுது. மற்ற நாலும் ஐயம்ப்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. விரிவுரையாளர் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த முதல் சீர்ல எல்லாரையும் விழ வைக்கலாம்னுதான் எழுதினேன்" என்றார். "சரிம்மா, ஒழுங்கான பென்டாமீட்டருக்கு நீங்களே ஓர் உதாரணம் சொல்லுங்க. பாடத்துல இருக்கிற எதையாவது சொல்லலாம்."

பாடத்திலிருந்து எத்தனையோ வரி தெரியும். ஆனால் வாயில் வந்தது அதுதான். மேசை மேல் விரலால் தட்டிக்கொண்டே சொன்னேன். பஸ், ஈரச் சாலை, சாப்பிடாத டிரைவர்.

கூடம் சிரித்தது. அது போன வருடச் சிரிப்பு இல்லை. மலைப் பாதை பஸ்ஸுக்கோ பட்டாளத்து லாரிக்கோ வாழ்க்கையில் ஒரு தடவையாவது காத்திருந்தவர்களின் சிரிப்பு. பின் பெஞ்சுக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள், அதுவும் சரியாக ஐந்து ஐந்தாக. விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரோட வரிம்மா இது?"

"என்னோடதுங்க சார்."

"எங்க எழுதினீங்க?"

"ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுல சார்."

"மொத்தம் பதினாலு வரி இருக்குது சார்!" என்று சிஸ்டர் எழுந்து நின்று போட்டு உடைத்தாள். "முழுசும் சொல்லச் சொல்லுங்க!"

சொன்னேன். முழுவதும். கோழி வந்த இடத்தில் ஒரு தடவையும் வாந்தி வந்த இடத்தில் ஒரு தடவையும் நிறுத்த வேண்டியிருந்தது, சிரிப்பு அடங்க. முடிந்ததும் விரிவுரையாளர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். "போன வருஷம் உங்களை சாய்ஸ்ல விடச் சொன்னேன். நல்லவேளை, நீங்க கேக்கல" என்றார். மகிழ்ந்துதான் சொன்னார். அன்று மதியம் கேண்டீனில் 'தேமா' என்று சொன்ன அந்த ஆள், ஒரு வங்கி குமாஸ்தா, காகிதத்தோடு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார். "அந்த அழுத்தம் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க மேடம்" என்றார். சிஸ்டர் அவருக்கு அகராதிக் கோட்டைக் காட்டிக் கொடுத்தாள். டீக்கு அவரையே காசு கொடுக்க வைத்தாள்.

தேர்வுக் கூடத்தில் நான் மேசையைத் தட்டுவதைப் பார்த்துக் கண்காணிப்பாளர் வந்து நின்றார். "சத்தம் போடக் கூடாதும்மா." செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலால் தட்டினேன். அந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுதினேன். எழுதி முடித்து எழுந்தபோதே தெரியும், தேறிவிட்டேன் என்று.

திரும்பும் பஸ்ஸை ஓட்டியவர் அதே டிரைவர். சிஸ்டருக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, உங்கள வெச்சு டீச்சர் இங்கிலீஷ்ல பாட்டு எழுதிட்டாங்க. வேலூர் காலேஜே கைதட்டுச்சு."

"என்னையா? இன்னான்னு?"

பொருளைச் சொன்னாள். நான் கூச்சத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியே விட்டார்.

"மெய்தானேம்மா! வெறும் வயித்தோட இந்தத் திருப்பத்துல வண்டி ஓட்ட முடியுமா? அத இங்கிலீஷ்லயே சொல்லிட்டியா? எங்க ஆபீசருக்கு ஒரு காப்பி குடும்மா, அந்தாளுக்குத் தமிழ்ல சொன்னா புரியல!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அன்றுமுதல் அந்த வண்டியில் முன் இருக்கை எங்களுக்குத்தான்.

மழை தொடங்கியபோது முடிவு வந்தது. தேறியது மட்டுமில்லை, அந்தத் தாளில் முதல் வகுப்பு மதிப்பெண். சிஸ்டரின் குவார்ட்டர்ஸில் கேசரி கிண்டினோம். முந்திரி போடுவதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் நிறையப் போட்டோம். என் வீட்டுக்காரர் ஒரு தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு போய் ஊர் முழுக்கக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "எங்க வூட்டுல இங்கிலீஷ் பாட்டு எழுதி பாஸ் பண்ணிட்டாங்க" என்று ஒரே பதில்.

இரண்டு பேரும் பட்டம் வாங்கினோம். சிஸ்டர் மேல்படிப்புப் படித்து, கீழே ஒரு நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை ஆனாள். போகும்போது டிரான்சிஸ்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பி.எட். முடித்தேன். கொஞ்ச காலம் காத்திருந்தபின் ஆணை வந்தது: எங்கள் பள்ளிக்கே, பெரிய வகுப்புகளுக்கு, ஆங்கில ஆசிரியை. தலைமையாசிரியர் என்னைக் கூட்டிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு வாசல் வரை வந்தார். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பிள்ளைகள் பயத்தோடு பார்த்தார்கள். இந்த டீச்சர் எத்தனை மாதம் இருப்பார் என்று கணக்குப் போடுகிற பார்வை. நான் புத்தகத்தை எடுக்கவில்லை.

"ஆளுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லுங்க. தெரிஞ்சது எதுனாலும் சரி."

முன் வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி "டார்ச்சு" என்றாள். பலகையில் எழுதினேன். "பல்பு" என்றான் ஒருவன். பிறகு "பக்கெட்டு", "மாத்திரை இல்ல டீச்சர், டேப்லெட்டு", "கேட்டு", "ஃபாரஸ்டு", "ஆர்டரு", "சோப்பு", "லீவு". எழுதிக்கொண்டே போனேன். சாக்பீஸ் தேய்ந்து வேறொன்று எடுத்தேன். பலகை நிறைந்து, ஓரத்திலும் எழுதி, அங்கேயும் இடம் தீர்ந்தது.

முன் வரிசைப் பெண் எழுந்து நின்று பலகையை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இவ்ளோ இங்கிலீஷ் எங்ககிட்டயே கீதா டீச்சர்?"

"கீது" என்றேன். "இன்னும் கீது. பலகைய அழிச்சுட்டு வா, எழுதலாம்."